பாட்டு யார் வாயில்?

பேசிக்கொண்டிருக்கும் ஒரு ஆள் எந்த இடத்தில் பாட ஆரம்பிக்கலாம்? இசை நாடகம் போட்ட எல்லா ஊர்க்காரர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. தவறான இடத்தில் பாடினால் கதை நின்றுபோகும், சரியான இடத்தில் பாடவில்லை என்றால் கூட்டம் எழுந்துபோகும். நியூயார்க்கின் பிராட்வே இதற்கு விடை தேடிப் பல பத்தாண்டுகள் அலைந்தது. புணேயில் ஒரு விடை 1880 அக்டோபர் 31 அன்று மேடை ஏறியது. அந்த மேடை இருந்த பழைய நகரம், புணேயை ஒட்டிய கசார்வாடியிலிருந்து ரொம்ப தூரமில்லை, மெட்ரோவில் ஏறினால் அரைமணிச் சொச்சம்தான்.

கசார்வாடி, தாபோடி, கட்கி, பிம்ப்ரி பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள் நிறைய பேருக்கு, மராத்தி இசை நாடகத்தைக் குறிக்கும் ‘சங்கீத் நாடக்’ என்ற சொல் சுவரொட்டியில் பார்த்துப் பழகியதுதான். அமெரிக்க மியூசிக்கலைப் பற்றி யூடியூபில் பார்த்து விவரம் சொல்லும் பிள்ளைகள், பக்கத்திலேயே அதைவிட நீண்ட சங்கதி ஒன்று இருப்பதை அறியாமலே வளர்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1866 செப்டம்பரில் நியூயார்க்கின் நிப்லோஸ் கார்டன் என்ற அரங்கில் ‘தி பிளாக் க்ரூக்’ என்ற நாடகம் வந்தது. பாரிஸிலிருந்து வரவழைத்த பாலே குழு ஒன்று ஆடுவதாக இருந்த அரங்கம் தீப்பிடித்து எரிந்துபோக, அந்தக் குழுவையும் ஒரு மாயமந்திர நாடகத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஐந்தரை மணி நேரம் ஓடிய அந்தக் கதம்பத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அமெரிக்க மியூசிக்கலின் தொடக்கம் என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். பாட்டுக்கும் கதைக்கும் அதில் பெரிய உறவு கிடையாது. அதற்கப்புறமும் வெகுகாலம் அப்படியேதான் போயிற்று. நகைச்சுவைத் துணுக்கு, வரிசையாக ஆடும் பெண்கள், நடுவில் ஒரு ஹிட் பாட்டு. பாட்டை எடுத்து வேறொரு நாடகத்தில் செருகினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

1927 டிசம்பரில் ஜெரோம் கெர்ன் இசையில் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய ‘ஷோ போட்’ வந்தபோதுதான் நிலைமை மாறியது. மிசிசிப்பி ஆற்றில் மிதக்கும் ஒரு நாடகப் படகு, அதில் கறுப்பு–வெள்ளை இனக் கலப்புத் திருமணம் ஒன்றினால் சிதையும் வாழ்க்கை. பாட்டு அந்த மனிதர்களின் நிலைமையிலிருந்து பிறந்தது. அதே ஹாமர்ஸ்டைன், ரிச்சர்ட் ராட்ஜர்ஸுடன் சேர்ந்து 1943இல் தந்த ‘ஓக்லஹோமா!’ இந்தப் பாதையை அகலமாக்கியது. ஆட்டம்கூட அதில் கதாநாயகியின் கனவைச் சொல்லும் காட்சியாயிற்று. 2,212 முறை தொடர்ந்து ஓடிய நாடகம் அது. இதன்பிறகு பாட்டு, வசனம், நடனம் மூன்றும் ஒரே கதையைச் சுமக்க வேண்டும் என்பது பிராட்வேயில் எழுதாத சட்டம் ஆனது.

இப்போது நம் பக்கம் வருவோம்.

மராத்தி நாடகம் 1843இல் சாங்லியில் பிறந்தது என்பார்கள். கர்நாடகத்திலிருந்து வந்த யட்சகான வகைக் குழு ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்த சாங்லி மன்னர் சிந்தாமண்ராவ் பட்வர்தன், இதுபோல மராத்தியில் ஒன்று செய் என்று தன்னிடமிருந்த விஷ்ணுதாஸ் பாவேயிடம் சொன்னார். ‘சீதா ஸ்வயம்வர்’ வந்தது. தமிழ் வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி 1684இலிருந்து 1712 வரை ஆட்சி செய்தவர். அவரும் அவர் வழிவந்தவர்களும் மராத்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் இசை நாடகங்கள் எழுதினார்கள், சுவடிகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சாங்லிக்கு நூறு வருஷத்துக்கும் முன்பே காவிரிக் கரையில் மராத்தி நாடகம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஓடை சாங்லிக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

பாவேயின் நாடகம் எப்படி நடக்கும்? நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன்போல ஒரு சூத்திரதாரி. கணபதி வருவார், சரஸ்வதி வருவாள், விதூஷகன் வருவான். கதையைப் பாட்டாகப் பாடுவது சூத்திரதாரியின் வேலை. ராமனும் சீதையும் அவர் பாடி முடித்ததும் அதே விஷயத்தைத் தங்களுக்குத் தோன்றியபடி பேசுவார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. அதாவது சோகம் ஒருத்தருக்கு, அதைப் பாடுகிறவர் இன்னொருத்தர்.

இதை மாற்றியவர் பல்வந்த் பாண்டுரங் கிர்லோஸ்கர். அண்ணாசாகேப் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெல்காம் பக்கத்துக் குர்லஹோசூரில் 1843இல் பிறந்தவர். நம் ஊர்க் கிணற்று மேட்டில் பம்ப்செட்டில் பார்த்த அந்தப் பெயர்தான், அந்தத் தொழிலை ஆரம்பித்த லட்சுமண்ராவும் அதே ஊரில் பிறந்தவர். அண்ணாசாகேப், பார்சி கம்பெனி நாடகத்தின் ‘இந்தர் சபா’ வகைப் பாட்டுக் கூத்தைப் பார்த்து, இதை நாமும் செய்யலாமே, ஆனால் ஆழமாகச் செய்யலாமே என்று நினைத்தார். காளிதாசரின் சாகுந்தலத்தை மராத்தியில் எழுதினார். முதல் நான்கு அங்கங்கள் 1880 அக்டோபர் 31 அன்று புணேயின் ஆனந்தோத்பவ் அரங்கில் நடந்தன.

அவர் செய்த காரியம் சொல்வதற்கு எளிது. சூத்திரதாரியிடமிருந்து பாட்டை வாங்கிக் கதாபாத்திரங்களிடம் கொடுத்துவிட்டார். துஷ்யந்தன் தன் மயக்கத்தைத் தானே பாடினான், கண்வர் மகளை அனுப்பும் துயரத்தைத் தானே பாடினார். சூத்திரதாரியும் நடியும் ஆரம்பத்தில் நாந்தி என்ற வாழ்த்துப் பாட்டோடு வந்து கதையைத் தொடக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நாடகம் பார்க்கிறவர் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் நேராகப் போய் உட்கார முடிந்தது. ‘ஷோ போட்’ வந்தது இதற்கு நாற்பத்தேழு வருஷம் கழித்து. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் இரண்டு ஊரும் முட்டி மோதியது ஒரே சுவரில்தான்.

அடுத்து 1882இல் ‘சங்கீத் சௌபத்ர’. சுபத்திரையைத் துரியோதனனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் பலராமர். அர்ஜுனன் சந்நியாசி வேஷத்தில் வந்து சேர்கிறான். கிருஷ்ணன் ஒன்றும் தெரியாதவர்போல எல்லாவற்றையும் நடத்துகிறார். நமக்குத் தெரிந்த கதைதான். கிர்லோஸ்கர் இதைத் துவாரகை அரண்மனைக் கதையாக எழுதவில்லை, புணே வீட்டுக் கதையாக எழுதினார். அண்ணன் பிடிவாதம், தம்பி தந்திரம், கணவன் மனைவி ஊடல். அதில் ஒரு பாட்டு: கிருஷ்ணன் ருக்மிணியிடம் இரவு கழிந்து விடியல் வருவதைக் காட்டுகிறார். ராகம் தேஸ்கார். மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள்தான், ஆனால் மேல் தைவதத்தில் நின்று நின்று பேசும் காலை ராகம். வசனத்தில் ‘பொழுது விடிந்துவிட்டது’ என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். பாட்டாக வந்தபோது வெளிச்சமே மெல்ல மேடைக்குள் நுழைகிறது, கூடவே ஒரு கணவன் மனைவியைச் சமாதானப்படுத்துவதும் நடந்துவிடுகிறது. இசை நாடகத்தில் பாட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

இந்த மெட்டுகள் எங்கிருந்து வந்தன? கிர்லோஸ்கர் கன்னட மண்ணில் வளர்ந்தவர், அங்கே கேட்ட மெட்டுகளை எடுத்துக்கொண்டார். கீர்த்தனக்காரர்களின் ஸாகி, திண்டி என்ற யாப்புகள், ஓவி, லாவணி, இந்துஸ்தானி என்று எல்லாம் கலந்தது. அச்சான நாடகப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘சால்’ என்று போட்டு, எந்தப் பழைய பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்று குறித்திருப்பார்கள். நம் நாடகப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்று போடுவதேதான். பிராட்வேயில் கதைக்காகவே புது மெட்டு போட ஒரு இசையமைப்பாளர் உட்காருவார். இங்கே கேட்டுப் பழகிய மெட்டில் புதுச் சொற்கள் உட்கார்ந்தன. முதல் வரியிலேயே கூட்டத்துக்குத் தலை ஆடும், அது லாபம். மெட்டு ஒரு பக்கமும் உணர்ச்சி ஒரு பக்கமும் இழுக்கிற ஆபத்து நஷ்டம். கிர்லோஸ்கர் கையில் அந்த ஆபத்து அரிதாகத்தான் தெரிந்தது.

1885இல் அவர் காலமானார். அவருடைய சீடர் கோவிந்த் பல்லாள் தேவல் 1899இல் ‘சங்கீத் சாரதா’ எழுதினார். பணத்தாசை பிடித்த தகப்பன் சின்னப் பெண்ணைக் கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கும் கதை. புராணம் இல்லை, ராஜா ராணி இல்லை. தோழிகளும் சாரதாவும் பாடும் பாட்டுகள் வீட்டுப் பெண்கள் பேசும் மொழியில் இருந்தன. சமுதாயத்தின் புண்ணைப் பாட்டு நாடகத்தில் தொடலாம் என்று பிராட்வே ‘ஷோ போட்’டில் கண்டுகொண்டது. மராத்திக்காரர்கள் அதை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே செய்து பார்த்துவிட்டார்கள். மராத்தி இசை நாடகத்தின் ஆகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால் என் ஓட்டு சாரதாவுக்கு.

பிறகு வந்தது பால் கந்தர்வா காலம். நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ் என்பது இயற்பெயர், பிறந்தது 1888இல். பையனாக இருந்தபோது பாடியதைக் கேட்டுத் திலகர் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார் என்பது மகாராஷ்டிரத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. 1905இல் அண்ணாசாகேப் தொடங்கிய கிர்லோஸ்கர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நம் ஊர்ச் சொல்லில் ஸ்திரீபார்ட். குடும்பப் பெண்கள் மேடை ஏறாத காலம். அவர் கட்டும் புடவையையும் வைக்கும் கொண்டையையும் பார்த்து ஊர்ப் பெண்கள் அப்படியே செய்துகொண்டார்கள்.

1911 மார்ச் 12 அன்று காடில்கர் எழுதிய ‘மானாபமான்’ முதல் காட்சி. அன்றைக்குத்தான் பால் கந்தர்வாவின் பெண் குழந்தை இறந்தது. காட்சியை நிறுத்திவிடலாம் என்று கம்பெனியில் பேசினார்கள். அவர் நிறுத்தவில்லை, கதாநாயகி பாமினியின் வேஷம் கட்டிக்கொண்டு பாடினார். இந்த நாடகத்துக்கு மெட்டுப் போட்டவர் ஆர்மோனியக் கலைஞர் கோவிந்தராவ் டெம்பே. வடக்கே கேட்ட தும்ரி, கஜ்ரி வகை நெளிவுகளை அவர் மராத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். 1916இல் ‘ஸ்வயம்வர்’ நாடகத்துக்கு பாஸ்கர்புவா பக்லே மெட்டுப் போட்டார், யமன், பீம்பலாசி என்று சுத்தமான ராக பந்திஷ்கள். பெரிய கச்சேரி மேடையில் கேட்க வேண்டிய இசை நாடகக் கொட்டகைக்கு வந்தது. ராகம் என்ற பெயரே தெரியாத துணிக்கடைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் யமனை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மகாராஷ்டிரத்தில் இன்றும் சாதாரண ஜனங்களுக்கு இந்துஸ்தானி சங்கீதம் கேட்கும் காது இருக்கிறது என்றால், பாதிக் காரணம் இந்தக் கொட்டகைகள்.

1913இல் பால் கந்தர்வா, டெம்பே, கண்பத்ராவ் போடஸ் இருவரோடும் சேர்ந்து கந்தர்வா நாடக மண்டலியை ஆரம்பித்தார். பின்பாட்டுக்கு ஆர்கன், சாரங்கி. தபலாவில் அகமத் ஜான் திரக்வா. இப்படிப்பட்ட வித்வான் நாடகக் குழியில் உட்கார்ந்து வாசித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அங்கேயே வம்பும் தொடங்கியது. பாட்டு நன்றாக இருந்தால் கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்தும். பாடகர் மறுபடி பாடுவார், மறுபடி கத்துவார்கள், இன்னும் கொஞ்சம் விரித்துப் பாடுவார். காதலன் பதிலுக்குக் காத்துக்கொண்டு மேடையிலேயே நிற்பான். நாடகம் விடியும் வரை போகும். கிர்லோஸ்கர் கதாபாத்திரத்தின் வாயில் வைத்த பாட்டு மெல்ல நழுவிப் பாடகரின் வாய்க்குப் போய்விட்டது. மேடையில் பாமினி இல்லை, பால் கந்தர்வா இருந்தார். ரசிகர்களும் அதற்குத்தான் வந்தார்கள். இதைக் குறை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தப் பாட்டுகளின் பழைய தட்டுகளைக் கேட்டால் யாருக்கும் வராது. ஆனால் நாடகத்துக்கு அது இழப்பு.

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்துப் பிள்ளைகளுக்குப் பாட்டையும் வசனத்தையும் ஒழுங்காகப் பயிற்றுவித்தார். நட்சத்திரப் பாடகர்கள் வந்ததும் ஸ்பெஷல் நாடகத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள். வள்ளியும் முருகனும் பேருக்குத்தான். கிட்டப்பா 1933இல், இருபத்தேழு வயதில் போய்விட்டார்.

நட்சத்திரம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1921 ஜூலையில் திலக் ஸ்வராஜ் நிதிக்காக மும்பையில் ‘மானாபமான்’ போட்டார்கள். பால் கந்தர்வாவும், போட்டிக் கம்பெனி நடத்திய கேசவராவ் போஸ்லேவும் ஒரே மேடையில் நடித்தார்கள். அந்த வருஷம் அக்டோபரிலேயே போஸ்லே இறந்துபோனதால், அந்த இரவைப் பற்றிய பேச்சு மராத்திக் குடும்பங்களில் காவியம்போல ஆகிவிட்டது.

1931இல் ‘ஆலம் ஆரா’வோடு நம் சினிமா பேச ஆரம்பித்தது. 1932இல் மராத்தியின் ‘அயோத்யேசா ராஜா’வில் கதாநாயகன் வேறு யாருமில்லை, அதே கோவிந்தராவ் டெம்பேதான். படத்தை எடுத்த வி. சாந்தாராம் சிறுவனாக கந்தர்வா கம்பெனியில் எடுபிடி வேலை செய்தவர். நாடகக் கொட்டகை வளர்த்த ஆட்களையும் பாட்டையும் சினிமா எடுத்துக்கொண்டது. மேடையில் ஒரு ராத்திரிக்கு ஆகும் செலவு, பட்டும் கம்பளமும் அத்தருமாக, கம்பெனிகளைக் கடனில் தள்ளியிருந்தது. மலிவான டிக்கெட்டில் அதே மாதிரிப் பாட்டு கிடைத்தால் ஜனங்கள் எங்கே போவார்கள்? பிராட்வேக்கும் சினிமா வந்தது. ஆனால் அங்கே ஒரே அரங்கில் வருஷக்கணக்கில் ஓட்டும் வியாபாரம் இருந்தது, போட்ட முதலை மெதுவாக எடுக்க முடிந்தது. ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ 1988இலிருந்து 2023 வரை ஒரே அரங்கில் ஓடியது. மராத்திக் கம்பெனிகளோ திரைச்சீலையும் ஆட்களுமாக ரயிலேறி ஊர் ஊராகப் போக வேண்டியவை. என் கணக்கில் சரிவுக்குப் பெரிய காரணம் இந்த வித்தியாசம்தான், கலை மங்கியது அதற்கு அடுத்தபடிதான்.

1960களில் மறுபடி உயிர் வந்தது. ஜிதேந்திர அபிஷேகி 1964இல் ‘மத்ஸ்யகந்தா’வுக்கு இசையமைத்தபோது பாட்டைச் சுருக்கி, கதைக்கென்றே மெட்டுப் போட்டார். பிராட்வே முறையை அவர் பார்த்துச் செய்தாரென்று சொல்ல மாட்டேன், கிர்லோஸ்கரின் பழைய ஒழுங்குக்குத் திரும்பினார் என்பதே பொருத்தம். 1967இல் புருஷோத்தம் தார்வேகர் எழுதிய ‘கட்யார் காள்ஜாத் குஸலி’ அபிஷேகியின் இசையில் வந்தது, வசந்த்ராவ் தேஷ்பாண்டே கான்சாகேபாக நடித்தார்.

புணேக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது 1972 டிசம்பர் 16. பரத் நாட்டிய மந்திரில் விஜய் டெண்டுல்கரின் ‘காஷிராம் கோத்வால்’. ஜப்பார் படேல் இயக்கம், பாஸ்கர் சந்தாவர்கர் இசை. மேடையில் திரைச்சீலைக்குப் பதில் வரிசையாக நிற்கும் ஆண்கள். பாடிக்கொண்டே சுவராவார்கள், கோவிலாவார்கள், தெருவாவார்கள், விலகினால் உள்ளே நடக்கும் அக்கிரமம் தெரியும். கீர்த்தனமும் லாவணியும் பேஷ்வா காலத்து நானா பட்னவீஸின் அதிகாரத்தை உரித்துக் காட்டின. கடும் எதிர்ப்பு வந்தது, போட்ட குழுவே உடைந்து தியேட்டர் அகாடமி என்ற புதிய குழு பிறந்தது. 2015இல் ‘ஹாமில்டன்’ தெருவின் ராப் இசையில் அமெரிக்கச் சரித்திரத்தைச் சொன்னபோது உலகமே வியந்தது. சரித்திரத்தை ஜனங்களின் இசையில் சொல்லும் துணிச்சல் இங்கே நாற்பது வருஷத்துக்கு முன்பே மேடை ஏறிவிட்டது. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல நமக்குத்தான் ஆள் இல்லை.

பிராட்வேயோடு நேரடி உரசல் ஒன்றும் உண்டு. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ 1956இல் அங்கே ‘மை ஃபேர் லேடி’ என்ற மியூசிக்கலானது. பு.ல. தேஷ்பாண்டே 1975இல் ‘தீ ஃபுல்ராணி’ எழுதியபோது ஷாவின் மூலத்தைத்தான் கையில் எடுத்தார். பாட்டு நாடகத்தில் ஊறிய ஊர், அந்தக் கதையை மட்டும் பேச்சின் பலத்தில் நிறுத்தியது.

கசார்வாடியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புத்தகச் செய்தியாக இருக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே சந்த் துகாராம் நகரில் ஆச்சார்ய அத்ரே ரங்கமந்திர், சிஞ்ச்வடில் ராம்கிருஷ்ண மோரே அரங்கம். சிவில் கோர்ட்டில் மெட்ரோ மாறி சம்பாஜி உத்யானில் இறங்கினால் பால் கந்தர்வா ரங்கமந்திர். 1968 ஜூன் 26இல் திறந்தது. கோபால் தேவூஸ்கர் வரைந்த இரண்டு ஓவியங்கள் அங்கே உண்டு, ஒன்றில் பால் கந்தர்வா ஆணாக, ஒன்றில் பெண் வேஷத்தில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். நாந்தி ஆரம்பிக்கும்போது வந்துவிட வேண்டும், தாமதித்தால் நல்ல பகுதி போய்விடும்.

மராத்தி அவ்வளவாகப் புரியாது என்றால் ‘கட்யா’ரில் ஆரம்பியுங்கள். இரண்டு கரானாக்களின் பகை, ஒளிந்திருந்து கற்கும் ஒரு சீடன், அரசவைப் பாடகருக்குக் கிடைக்கும் ஒரு கட்டாரி. சண்டையே பாட்டில்தான் நடப்பதால் மொழி குறுக்கே நிற்காது. மேடையில் பார்க்க வாய்க்கவில்லை என்றால் சுபோத் பாவே இயக்கிய 2015 படம் இருக்கிறது. அதில் பண்டிட்ஜியாக நடித்துப் பாடியிருப்பவர் செம்பூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை சங்கர் மகாதேவன். அதன்பிறகு சௌபத்ர பாருங்கள், தேஸ்கார் பாட்டு வரும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாரதாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சம் மராத்தி வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் அவரே சொல்லித்தருவார்.